கறைக்காரரின் ஈரத்துண்டு

மூட்டு மாற்றிய மறுநாள் மதியம், தொடைக்கு அடியில் விரிப்பு நனைந்திருப்பதைக் கறைக்காரர் கையால் தடவித் தெரிந்துகொண்டார். அந்த நிமிஷத்தோடு முழங்கால் அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

கறைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். சலவைக்கடை வைத்திருப்பவர். எந்தத் துணியையும் மூக்கருகே கொண்டுபோன மாத்திரத்தில் அதில் இருப்பது என்ன கறை, எதைப் போட்டால் போகும் என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் சில நேரம் வாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். யாராவது படுக்கை விரிப்பை நாலாக எட்டாக மடித்து, மேலே ஒரு சட்டையைப் போட்டு மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தால் சும்மா வாங்கி வைக்கமாட்டார். பிரித்து, முகர்ந்து பார்த்து, "இது உங்க வீட்டுச் சின்னவர் வேலையா, பெரியவர் வேலையா?" என்று கடையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்பார். கொண்டுவந்தவர் அசடு வழிய நிற்பார். கறைக்காரருக்கு அது ஒரு தமாஷ். அந்த ஆள் அதற்கப்புறம் இரண்டு தெரு தள்ளிப் போய் வேறு கடையில் துணி போடுவதன் காரணம் அவருக்குப் புரிந்ததே இல்லை.

அப்படிப்பட்டவரின் விரிப்புதான் இப்போது நனைந்திருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில்தான் சிறுநீருக்குப் போட்டிருந்த குழாயை எடுத்திருந்தார்கள். முந்தின நாள் முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கடித்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்த ஊசி ஏதோ ஒரு திருகைக் கழற்றிவிட்டது, இனி ஆயுசுக்கும் இப்படித்தான் ஒழுகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டார். முகர்ந்து பார்த்தாரா என்றால், இல்லை. ஊரார் துணியையெல்லாம் கூசாமல் மூக்கில் வைத்தவருக்குத் தன் துணியை அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை. தெரிந்துதானே இருக்கிறது, முகர்ந்து வேறு பார்க்க வேண்டுமா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அறையில் அவரோடு இருந்தது மருமகள். மனைவி காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துணிகள் மலைபோல் குவிந்துவிடும். அதனால் மருமகள் வந்திருந்தாள். கடையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். அதிகம் பேசமாட்டாள், சொன்னதைச் செய்வாள், சொல்லாததையும் செய்வாள். மகளாக இருந்தால்கூட ஒரு மாதிரி சமாளித்திருக்கலாம். மருமகள் முன்னால் இந்த வயதில் படுக்கையை நனைத்துக்கொண்டு கிடப்பதா என்று நினைத்தபோதே கறைக்காரருக்குக் காது மடல் சுட்டது.

ஆபரேஷன் நடந்த அன்று அவர் இருந்த தோரணையே வேறு. அறைக்குக் கொண்டுவந்த பிறகும் வலி என்று ஒன்று தலைகாட்டவில்லை. மயக்க மருந்து டாக்டரம்மா வந்து காரணத்தை விளக்கினார். தொடையில் மெல்லிய குழாய் ஒன்று செருகியிருக்கிறது. அதன் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் குப்பி. குப்பிக்குள் மருந்து நிரப்பிய பலூன். பலூன் சுருங்கச் சுருங்க மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முழங்காலுக்குப் போகும் நரம்பை மரக்க வைத்துக்கொண்டே இருக்கும். அந்த இடம் மட்டும் மரத்திருக்கும், ஆள் தெளிவாக இருப்பார், நடக்கலாம், காலை மடக்கலாம். கறைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் டாக்டரம்மா போனதும் மகனுக்குப் போன் போட்டு, வலியெல்லாம் மனசைப் பொறுத்தது, நெஞ்சுரம் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மருந்து பாட்டுக்கு வேலை செய்ய, பெயரை இவர் தட்டிக்கொண்டார். பக்கத்து அறைகளுக்குப் பார்க்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை பிசியோகாரர் வந்து, வாக்கரைக் கொடுத்து, வாசல் வரை நடத்திக் கூட்டிவந்தார். நடையும் ஜோராகத்தான் இருந்தது. திரும்பி வந்து கட்டிலில் உட்காரும்போது மட்டும் தோளில் தொங்கிய குப்பியின் குழாய் கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டது. பிசியோகாரர் பார்ப்பதற்குள் கறைக்காரர் அதை வெடுக்கென்று இழுத்து விடுவித்துக்கொண்டார். நம்மால் ஆகாதது என்ன இருக்கிறது என்கிற மிதப்பு அவருக்கு. மதியத்துக்குள் ஈரம் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் வலி வந்தது.

வந்தது என்றால், நேற்றைக்கும் சேர்த்து வந்தது. முழங்காலுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல இருந்தது. இருமினால் வலித்தது, கட்டிலை யாராவது இடித்தால் வலித்தது, இடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தாலே வலித்தது. கொடுத்த மாத்திரைகள் அந்த வலியின் கால்தூசுக்குப் பெறவில்லை.

சிஸ்டர் வந்தார். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே முறை. வாய் வரைக்கும் ஒன்பது வந்துவிட்டது. ஒன்பது என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தார். போர்வையை விலக்குவார்கள். காலைத் தூக்குவார்கள். குழாயைப் பார்க்கிறேன், கட்டைப் பார்க்கிறேன் என்று புரட்டுவார்கள். மருமகள் பக்கத்திலேயே நிற்பாள்.

"ரெண்டு," என்றார் கறைக்காரர்.

சிஸ்டர் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். பலூன் ஒழுங்காகச் சுருங்கியிருந்தது. மருந்து இறங்குகிறது, வலியும் இரண்டுதான், எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்தியோடு போய்விட்டார்.

அதிலிருந்து யார் கேட்டாலும் இரண்டுதான். வீட்டிலிருந்து கொண்டுவந்த, ஒரே மாதிரியான நீலக்கரைத் துண்டுகளில் ஒன்றைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். விரிப்பு மாற்ற வந்த அம்மாவிடம், தான் சலவைக்கடைக்காரன், மற்றவர்கள் வெளுத்த விரிப்பில் தனக்குத் தூக்கம் வராது, வீட்டு விரிப்பே இருக்கட்டும் என்று ஒரு கதை விட்டார். அந்த அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஒரு விஷயம் மட்டும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. கண் அசந்து எழுந்தால் துண்டு காய்ந்திருக்கும். ஃபேன் காற்றில் காய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். காலமெல்லாம் துணி காயவைத்துப் பிழைத்த மனிதர், போர்வைக்குள்ளே, தொடைக்கு அடியிலே துண்டு தானாகக் காயும் என்று நம்பினார். வேண்டும் என்று ஒன்றை நம்ப ஆரம்பித்துவிட்டால் தொழிலறிவு எந்த மூலைக்கு?

இந்த நிலையில் டாக்டரம்மா ஒரு நாள் ஒரு கணக்கு டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கும் மூட்டு மாற்ற வேண்டும். எதிர் அறையில் சேர்ந்திருந்தார், பயத்தில் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். "இவரைப் பாருங்க, மொதல் நாள்லேருந்து வலி ரெண்டைத் தாண்டல," என்று டாக்டரம்மா பெருமையாகக் கறைக்காரரைக் காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், கடித்த பல்லையே சிரிப்பாக மாற்றிக்கொண்டார்.

டீச்சர் கிட்டே வந்து, நிஜமாகவே வலி இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். கொசு கடித்த மாதிரி இருக்கும், அதுவும் சின்னக் கொசு என்றார் கறைக்காரர்.

"அப்புறம் ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்றார் டீச்சர். "ஃபேன் ஓடுதே."

"எனக்கு எப்பவும் வேர்க்கும் டீச்சர். இஸ்திரிப் பெட்டிக்கு முன்னாடி நின்ன உடம்பு."

டீச்சர் முகம் தெளிந்து போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் கறைக்காரருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கறை போகாத சட்டையை மடிப்புக்குள் மறைத்து, போய்விட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பதை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. இப்போது அதைத்தான் செய்திருந்தார். நம்பி வாங்கிக்கொண்டு போனவர் நாளைக்கு வந்து கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றை அன்றைக்கே செய்தார். மருமகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். போர்வையைச் சரிசெய்யட்டுமா, முதுகுக்குத் தலையணை வைக்கட்டுமா, கொஞ்சம் ஒருக்களித்துப் படுக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. இவள் இங்கே இருக்கும்வரை என்றைக்காவது ஒருநாள் குட்டு உடைந்துவிடும், சம்பளத்துக்கு ஒரு ஆண் ஆளை வைத்துக்கொண்டால் யாரோ எவரோ, பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. காரணமில்லாமல் அவளை அனுப்ப முடியாது. காரணத்தைச் சொல்லவும் முடியாது. எனவே ஒரு காரணத்தை உண்டாக்கினார். அவள் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து மகனுக்குப் போன் செய்தார்.

"உன் பொண்டாட்டி இங்க இருந்து ஒரு பிரயோஜனமும் இல்லடா. எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறதில்ல. ஒரு ஆம்பளை ஆளா பாத்து அனுப்பு."

குளியலறைக்குள் குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நினைத்த நேரமெல்லாம் உள்ளே போய் அரை மணி நேரம் குளிக்கிறாள், கிழவன் ஒருத்தன் கிடக்கிறானே என்ற எண்ணமே கிடையாது என்று அதையும் சேர்த்து வைத்தார். மகனால் நம்ப முடியவில்லை. அவளா அப்படி என்று ஒரு வார்த்தை கேட்டான். நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று அப்பா கேட்டதும், சரி, நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன் என்றான். போனை வைத்த பிறகு கறைக்காரருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வாயில் கசப்புதான் வந்தது.

மறுநாள் காலையில் மருமகள் தன் பையை எடுத்துச் சுவரோரம் வைத்து, சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. எப்படிச் சொன்னானோ, எவ்வளவு சொன்னானோ. அவள் வழக்கம்போல வெந்நீர் வைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். "சாயங்காலம் ஆள் வர்றாராம் மாமா," என்று மட்டும் சொன்னாள். கறைக்காரர் "ம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

பிசியோகாரரும் அன்று வேறு முகத்தோடு வந்தார். நடக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது, மடக்கச் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருந்தார். வலி இரண்டுதான் என்கிறவர் ஏன் மடக்கமாட்டேன் என்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட்டார். இந்த ஆரம்ப நாட்களில் மடக்காவிட்டால் உள்ளே தசை ஒட்டி இறுகிவிடும், அப்புறம் மறுபடி மயக்கம் கொடுத்து, டாக்டரே காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்க வேண்டியிருக்கும், அப்படியும் சரியாகாமல் குச்சி மாதிரிக் காலை நீட்டிக்கொண்டே நடப்பவர்கள் உண்டு என்று கறாராகச் சொன்னார். கடையில் குனிந்து நிமிர்ந்து மிஷினிலிருந்து துணி எடுக்க வேண்டும் என்றுதானே இந்த ஆபரேஷனே என்று கேட்டார். அடுத்த அறையைப் பார்த்துவிட்டு வருகிறேன், வந்ததும் மடக்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருமகள் வெந்நீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். யாரும் இல்லாதபோது தானே மடக்கிப் பார்த்துவிடலாம், நாலு பேர் முன்னால் கத்துவதற்குத் தனியாகக் கத்துவது மேல் என்று கறைக்காரர் நினைத்தார். கத்தாமல் இருக்க வாயில் எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் கையை விட்டுத் துழாவினார். துண்டு அகப்பட்டது. எது என்றுகூடப் பாராமல் சுருட்டி வாயில் திணித்துப் பற்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, குதிகாலை விரிப்பின் மேல் உராய்ந்தபடி பின்னால் இழுத்தார்.

கண்ணில் பூச்சி பறந்தது. துண்டை வெறிகொண்டு கடித்தார், மென்றார், அதற்குள்ளேயே அலறினார். கால் கொஞ்சம்தான் மடங்கியது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்போதுதான் உதட்டில் என்னவோ வித்தியாசமாகப் பட்டது. உதடு தடித்துப்போனது போல இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தார், நாக்கு உதட்டைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. துண்டைத் துப்பிவிட்டு விரலால் தடவினார். வேறு யாருடைய வாயையோ தடவுவது போல இருந்தது.

அவருடைய தெருவில் ஒரு தையல்காரருக்கு இப்படித்தான் ஒருநாள் வாய் கோணிக்கொண்டது, அப்புறம் ஒரு கை, ஒரு கால். கறைக்காரர் ஆடிப்போனார். மருமகளைக் கூப்பிட்டார். குரல் வந்தது, வார்த்தை வழவழவென்று வழிந்தது. உள்ளே ஓடிவந்தவள் கையிலிருந்த குடுவை கீழே விழுந்தது.

"வாய்... மழத்துப் போச்சும்மா," என்றார்.

அடுத்த நிமிஷம் அறை நிறைய ஆட்கள். டாக்டரம்மா ஓடிவந்தார். கைகளைத் தூக்கச் சொன்னார், கண்ணை மூடச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். அத்தனை பேர் நடுவில் கறைக்காரர் பல்லைக் காட்டிச் சிரித்தார். கை கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் விஷப் பரீட்சை வேண்டாம், உடனே தலையை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று தள்ளுவண்டியைக் கொண்டுவரச் சொன்னார். "வாயில எதாவது வச்சீங்களா? எதாவது சாப்பிட்டீங்களா?" என்று போகிற போக்கில் கேட்டார்.

கறைக்காரரின் கண் தலைமாட்டில் கிடந்த துண்டுக்குப் போனது. நீலக் கரை போட்ட துண்டு. முகம் துடைக்கிற காய்ந்த துண்டு கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நீலக்கரைத் துண்டு காலையில் தொடைக்கு அடியிலிருந்து உருவியது. தரை துடைக்க ஆள் வந்தபோது அவசரத்தில் தலையணைக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. அதைத்தான் கடித்து மென்றிருக்கிறார்.

செத்துவிடலாம் போல இருந்தது. சொல்லாமல் விட்டால்? தலையை ஸ்கேன் எடுப்பார்கள், ஒன்றும் இருக்காது, தப்பித்துவிடலாம். அவர் வாயைத் திறக்காமலே இருந்திருப்பார். ஆனால் மருமகள் கட்டில் ஓரமாக நின்று அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுகிறோம் என்பதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். சாயங்காலம் துரத்தப்படப்போகிறவள் அவள்.

"தொண்டு," என்றார். விரலால் காட்டினார். "அந்தத் துண்டைக் கடிச்சேன். அது... ஈரம். நான் படுக்கையிலேயே போயிட்டு இருக்கேன் டாக்டரம்மா. அன்னையிலேர்ந்து. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

தள்ளுவண்டி கொண்டுவந்தவர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா துண்டை எடுத்தார். பிறகு போர்வையை விலக்கி, அவருடைய காலை மெல்ல ஒருபக்கம் சாய்த்து, தொடைக்குப் பின்னால் பார்த்தார். தொடைக் குழாயும் குப்பியின் குழாயும் சேருகிற மூட்டு கழன்று கிடந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விரிப்பில் விழுந்தது.

"இது நீங்க போனதில்ல," என்றார் டாக்டரம்மா. "இது மருந்து. உங்க முழங்காலுக்குப் போக வேண்டிய மருந்து. அத்தனையும் விரிப்பு குடிச்சிருக்கு. இதைக் கடிச்சா வாய் மரக்காம என்ன செய்யும்?"

கறைக்காரர் கையை நீட்டித் துண்டை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். அதில் ஒரு வாடையும் இல்லை. வீட்டு சோப்பின் மணம் லேசாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை முகர்ந்திருந்தால் போதும்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்பட்டார். இத்தனை நாளும் வலி எவ்வளவு இருந்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

"பத்துக்கு மேல இருந்தா என்ன சொல்லணும்?" என்றார் கறைக்காரர்.

கூட இருந்தவர்களாவது கவனித்திருக்கக் கூடாதா, விரிப்பு நனைவது ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று டாக்டரம்மா மருமகள் பக்கம் திரும்பினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பட்டுச்சு டாக்டர். மொத நாளே தெரியும். மாமா தூங்கறப்ப நான்தான் துண்டை மாத்திக்கிட்டு இருந்தேன். பாத்ரூம்ல அலசி, மாடியில காயப்போட்டு எடுத்துட்டு வருவேன். நானும் அதுதான்னு நினைச்சுட்டேன். பெரியவங்க துணியை எப்படி மோந்து பாக்கறது? தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டா மாமா மனசு ஒடைஞ்சிருவாருன்னு..."

கறைக்காரர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவில்லை. குளியலறைக்குள் கேட்ட குழாய்ச் சத்தம் காதில் கேட்டது. அரை மணி நேரம் குளிக்கிறாள் என்று மகனிடம் சொன்ன தன் குரலும் கேட்டது. இத்தனை நாள் நனைந்தது மருந்து என்று தெரிந்ததும் அவருடைய மானம் திரும்பி வந்துவிட்டது. வந்த மானத்தை வைத்துக்கொள்ளத்தான் இடமில்லாமல் போய்விட்டது. படுக்கையை நனைத்திருந்தால்கூடத் தேவலை, அதில் யார் மேலும் பழி இல்லை.

கழன்ற குழாயை மறுபடி மாட்டக்கூடாது, கிருமி ஏறும் என்று டாக்டரம்மா அதை உருவிப் போட்டார். ஸ்கேன் கருவியைத் தொடையில் வைத்து நரம்பைப் பார்த்துப் புதிதாக ஊசி போட்டு, புதிய குழாய் செருகினார். சற்று நேரத்தில் முழங்காலில் எரிந்துகொண்டிருந்த அடுப்பு மெல்ல மெல்ல அடங்கியது. பிசியோகாரர் வந்து காலைப் பிடித்தார். கால் மடங்கியது. இன்னும் நிறைய மடங்க வேண்டும், விட்ட நாட்களைப் பிடிக்கப் பாடுபட வேண்டும், ஆனால் கெட்டுப்போகவில்லை என்றார். எல்லோரும் கலைந்து போனார்கள்.

மகன் அனுப்பிய ஆள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். மருமகள் அவருக்கு மாத்திரைகள் எங்கே, வெந்நீர் எங்கே பிடிப்பது, மாமாவுக்குத் தலையணை எப்படி வைத்தால் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்தாள்.

"போகாதேம்மா," என்றார் கறைக்காரர்.

"எனக்குக் கோபமில்ல மாமா. ஆனா உங்க மகன்கிட்ட நீங்க சொல்லிட்டீங்க. நான் இங்கே இருந்தா, நான் வற்புறுத்தி இருக்கிறதா அவர் நினைப்பார்."

அவர் போனை எடுத்தார். மகன் கடையில் இருந்தான், பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கறைக்காரர் மெதுவாக, ரகசியம் போல, உன் பெண்டாட்டி மேல் தப்பில்லை, நான் சொன்னதெல்லாம் பொய் என்றார். உதடு இன்னும் முழுசாகத் தெளியவில்லை. மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னப்பா, வாயில் என்ன, சத்தமாகச் சொல்லுங்கள் என்றான். கறைக்காரர் வாசலைப் பார்த்தார். வந்த ஆள் நின்றுகொண்டிருந்தார். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது, கணக்கு டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொன்னார். மிஷின் சத்தத்தில் அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை, கடையில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பேசுகிற அந்தக் குரலிலேயே, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"நான் பொய் சொன்னேன்டா. அவ போனை நோண்டல. குளிக்கல. நான் நனைச்ச துணின்னு நினைச்சு, எனக்கே தெரியாம என் துணியைத் துவைச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு வலி உயிர் போச்சு. ரெண்டுன்னு சொன்னதும் பொய்."

எதிர் அறையில் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். போனில் மிஷின் சத்தம் நின்றது. மகன் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இதை அவகிட்டச் சொன்னீங்களாப்பா?" என்றான் மகன்.

கறைக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஊருக்கே கேட்கச் சொன்னதை அவளைப் பார்த்து அவர் சொல்லியிருக்கவில்லை. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார். வலித்தது. மரமரப்பு போய்விட்டிருந்தது, சாக்குச் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

"அம்மா," என்று கூப்பிட்டார். "இங்க திரும்பும்மா."